பெட்டிக்குள் வந்த வானம்

1980 பிப்ரவரி 16ஆம் தேதி பிற்பகலில் நிலவின் நிழல் கர்நாடகத்தின் அங்கோலா கடற்கரையில் கரையேறியது. ஹூப்ளி, ராய்ச்சூர் வழியாகத் தக்காணத்தைக் கடந்து, ஒடிசாவின் பூரி, கோணார்க் பக்கம் வங்கக் கடலில் இறங்கிப் போனது. நெடுங்காலத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு வாய்த்த முழுச் சூரிய கிரகணம் அது. நிழல் விழும் பாதையில் வானியலாளர்கள் கருவிகளோடு காத்திருந்தார்கள். நகரத் தெருக்களோ வெறிச்சோடிக் கிடந்தன. கண் போய்விடும், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு சனம் உள்ளே இருந்தது. யாரும் வெளியே வராமல் இருக்கட்டும் என்று தூர்தர்ஷன் அன்று 'சுப்கே சுப்கே' என்ற இந்தி நகைச்சுவைப் படத்தை ஒளிபரப்பியது.

பதினைந்து ஆண்டு கழித்து, 1995 அக்டோபர் 24ஆம் தேதி காலை, இன்னொரு முழு கிரகணம். இந்த முறை நிழல் ராஜஸ்தானில் நுழைந்து வங்காளம் வரை ஓடியது. அதே தூர்தர்ஷன் கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பியது. இயற்பியலாளர் யஷ் பால் நேரலையில் விளக்கிக்கொண்டே வந்தார். சூரியன் முழுதும் மறையும் நொடியில் ஓரத்தில் மின்னும் 'வைர மோதிரம்', அதன் பின் கறுப்பு வட்டத்தைச் சுற்றி விரியும் கரோனா இரண்டையும் கிரகணப் பாதையிலிருந்து வெகு தொலைவில் இருந்தவர்களும் தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இரண்டு நாளும் மக்களின் பயம் ஒன்றுதான். அதில் ஒரு பாதி நியாயமானதும்கூட. பாதி மறைந்த சூரியனை வெறுங்கண்ணால் பார்த்தால் விழித்திரை வெந்துபோகும். விழித்திரையில் வலி நரம்புகள் இல்லாததால் அது நடப்பதே தெரியாது. மற்றப் பாதி வெறும் கட்டுக்கதை. கிரகணத்தன்று சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் புறப்படுவதில்லை. 1980இல் தொலைக்காட்சி அந்தப் பயத்துக்குத் துணை போனது. 1995இல் அந்தப் பயத்தைப் பிரித்து, எது உண்மை எது கதை என்று காட்டியது. வானத்தை மறைக்கவும் தெரிந்த பெட்டி, வானத்தைக் காட்டவும் தெரிந்த பெட்டி. வானியல் நிகழ்ச்சி ஒன்றை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை: அது நம்மை வானத்தின் பக்கம் தள்ளுகிறதா, வானத்திலிருந்து விலக்கி வைக்கிறதா?

மாதம் ஒரு நாள்

உலகத் தொலைக்காட்சியில் இதை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர் பேட்ரிக் மூர் என்ற ஆங்கிலேயர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. ஒற்றைக் கண்ணாடி, கசங்கிய கோட்டு, மூச்சு விடாத பேச்சு. 1957 ஏப்ரல் 24 இரவு பிபிசியில் அவர் 'தி ஸ்கை அட் நைட்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஸ்புட்னிக் விண்ணுக்குப் போக இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதாவது விண்வெளி யுகத்துக்கே மூத்தது அந்த நிகழ்ச்சி. 2012 டிசம்பரில் இறக்கும் வரை, 55 ஆண்டுக்கும் மேலாக, அவரே அதை நடத்தினார். இடையில் ஒரே ஒரு மாதம்தான் வரவில்லை. 2004இல் முட்டை ஒன்று வயிற்றைக் கெடுத்து அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது. ஒரே தொகுப்பாளரோடு இவ்வளவு காலம் ஓடிய தொலைக்காட்சி நிகழ்ச்சி உலகில் வேறு இல்லை.

முதல் நாள் அவர் பேசியது ஆரெண்ட்-ரோலான் வால்வெள்ளியைப் பற்றி. அப்போது அது வெறுங்கண்ணுக்கே தெரிந்துகொண்டிருந்தது. வால்வெள்ளியின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீளும். சூரிய ஒளியும் சூரியக் காற்றும் அதை அந்தப் பக்கம் தள்ளுகின்றன. இந்த வால்வெள்ளிக்கோ, அந்த நாட்களில் சூரியனை நோக்கியே ஈட்டிபோல் இன்னொரு வால் நீண்டது. இயற்பியல் விதி எதுவும் உடைந்துவிடவில்லை. வால்வெள்ளி போகும் வழியெல்லாம் உதிர்க்கும் தூசு, அதன் சுற்றுப்பாதைத் தளத்தில் மெல்லிய விரிப்பாகப் பரவிக் கிடக்கிறது. சரியாக அந்த நாட்களில் பூமி அந்தத் தளத்தைக் கடந்தது. தளத்துக்கு உள்ளிருந்து பார்க்கும்போது விரிப்பின் விளிம்பு மட்டும் அடர்ந்த கோடாகத் தெரியும். வால்வெள்ளிக்குப் பின்னால் கிடக்கும் தூசு, நாம் பார்க்கும் கோணத்தால் சூரியன் பக்கம் நீண்டதுபோல் தோன்றியது. ஒரு தொடரைத் தொடங்க இதைவிட நல்ல காட்சி யாருக்குக் கிடைக்கும்? நிகழ்ச்சியைப் பார்த்தவர் எழுந்து வெளியே போனால் அதே வானத்தில் அதே வால்வெள்ளி இருந்தது.

மாதம் ஒரு முறை என்ற அதன் தாளமும் வானத்துக்குப் பொருந்தியது. விண்மீன்களை வைத்துக் கணக்கிட்டால் பூமி ஒரு சுற்றுச் சுழல 23 மணி 56 நிமிடம்தான் ஆகிறது. நம் கடிகாரமோ சூரியனை வைத்து ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு விண்மீனும் நாளுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக உதிக்கிறது. ஒரு மாதத்தில் அது 2 மணி நேரம். இன்று இரவு 10 மணிக்குக் கிழக்கே எழும் விண்மீன், அடுத்த மாதம் இதே தேதியில் 8 மணிக்கே எழுந்துவிடும். வாரா வாரம் சொன்னால் வானம் அதிகம் மாறியிருக்காது. ஆண்டுக்கு ஒரு முறை சொன்னால் சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கும். மாதம் ஒரு முறை சொன்னால் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் காட்ட ஏதாவது இருக்கும்.

வானம் தொலைக்காட்சி நிலையத்தின் நேர அட்டவணைக்குக் கட்டுப்படாது என்பதையும் மூர் அனுபவத்தில் கண்டார். தொலைநோக்கி வழியே கோள்களை நேரலையாகக் காட்டப்போகிறோம் என்று ஆர்ப்பாட்டமாக அறிவித்த இரவில் மேகம் மூடியது. இன்னொரு நேரலையில் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய்க்குள் ஈ புகுந்துவிட, விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார். ஆனால் நேரலையின் அதிர்ஷ்டமும் அவருக்கு வாய்த்தது. 1959 அக்டோபரில் சோவியத் கலமான லூனா 3, மனிதர் எவரும் கண்டிராத நிலவின் மறுபக்கத்தைப் படமெடுத்தது. எடுத்த ஃபிலிமைக் கலத்துக்குள்ளேயே கழுவி, உலர்த்தி, ஒளிக்கற்றையால் வருடி, வானொலி அலையாக மாற்றி அனுப்பியது. புள்ளியும் கோடுமாகக் கலங்கிய படங்கள்தாம். அவற்றைத் தம் நேயர்களுக்குச் சுடச்சுடக் காட்டிவிட்டார் மூர். நிலவின் விளிம்புப் பகுதிகளை அவர் தம் தொலைநோக்கியால் பல ஆண்டு வரைந்து வைத்திருந்தார். அந்த வரைபடங்களைச் சோவியத் அறிவியலாளர்களே பயன்படுத்தினார்கள்.

கண் பார்ப்பதும் கேமரா பார்ப்பதும்

1980 செப்டம்பர் 28ஆம் தேதி அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியில் இன்னொரு மரபு தொடங்கியது. கார்ல் சேகன் நடத்திய 13 பகுதிகள் கொண்ட 'காஸ்மோஸ்'. மூர் இன்றிரவு வானில் என்ன தெரியும் என்று சொன்னார். சேகன் வானம் எங்கிருந்து வந்தது, நாம் அதில் யார் என்று கேட்டார். பிரபஞ்சத்தின் மொத்த வயதையும் ஓர் ஆண்டாகச் சுருக்கி அவர் போட்ட நாட்காட்டி இன்றும் பள்ளிப் பாடங்களில் உலவுகிறது. இன்றைய கணக்கான 1,380 கோடி ஆண்டை அதில் போட்டால், ஒரு நாள் என்பது ஏறத்தாழ 3.8 கோடி ஆண்டு. ஒரு நொடி என்பது 437 ஆண்டு. மனிதர் எழுதி வைத்த வரலாறு முழுவதும் டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவுக்கு முந்தைய பன்னிரண்டு நொடிக்குள் அடங்கிவிடும்.

இன்று திரையில் வரும் வானியல் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை சேகன் வழி வந்தவை. இசை, கணினி வரைகலை, நெபுலாக்களுக்கு நடுவே நீந்திப் போகும் கேமரா. பார்க்க இன்பம். ஆனால் அவற்றைப் பார்த்துவிட்டு முதன்முறையாகத் தொலைநோக்கியில் கண் வைக்கும் பலர் ஏமாந்துபோகிறார்கள். திரையில் செம்பும் பச்சையும் நீலமுமாகத் தகதகத்த நெபுலா, கண்ணுக்கு வெளிறிய சாம்பல் புகையாகத் தெரிகிறது. தொலைநோக்கி மோசமா, கண் மோசமா என்ற சந்தேகம் வருகிறது. இரண்டும் இல்லை.

நம் விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. நிறம் பிரிப்பவை கூம்புச் செல்கள். சுமார் 60 லட்சம். அவை வேலை செய்ய நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கலில் விழித்துக்கொள்பவை குச்சிச் செல்கள். பத்துக் கோடியை ஒட்டிய எண்ணிக்கை. அவற்றுக்கு நிறம் தெரியாது. நெபுலாவின் ஒளி கூம்புச் செல்களை எழுப்பும் அளவுக்கு இல்லை. மேலும், வந்து விழும் ஒளியைக் கண் ஒரு நொடியின் சிறு பகுதிக்குமேல் சேர்த்து வைக்காது. கேமராவோ மணிக்கணக்கில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒளியைச் சேமிக்கும்.

அடுத்தது, அந்த நிறங்களே உண்மையா என்ற கேள்வி. 1995இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த 'படைப்பின் தூண்கள்' படம் எல்லா நிகழ்ச்சிகளிலும் வரும். சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் உள்ள கழுகு நெபுலாவில், ஒளியாண்டுக் கணக்கில் உயர்ந்து நிற்கும் வாயுத் தூண்கள் அவை. கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்று தனிமங்கள் உமிழும் ஒளியைத் தனித்தனி வடிகட்டி வைத்து எடுத்து, கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் கொடுத்து அடுக்கினார்கள். ஹைட்ரஜன் உமிழும் அந்த ஒளி உண்மையில் சிவப்பு. அதற்குப் பச்சை பூசியதில் ஏமாற்று ஏதும் இல்லை. கந்தகத்தின் ஒளியும் சிவப்புதான். இரண்டையும் சிவப்பாகவே விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. நிலப்படத்தில் கடலுக்கு நீலம், மலைக்குப் பழுப்பு பூசுவதுபோல் அது ஒரு குறிப்பு. 2019 ஏப்ரலில் உலகமே பார்த்த M87 கருந்துளைப் படத்தின் ஆரஞ்சு வளையமும் அப்படித்தான். அது 1.3 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள வானொலி அலைகளால் கிடைத்த படம். அந்த அலைக்கு நிறமே கிடையாது.

நிறத்தைவிடப் பெரிய சமரசம் தூரத்தில் நடக்கிறது. திரையில் கோள்கள் வரிசைகட்டி அருகருகே நிற்கும். உண்மை அளவில் காட்டினால் திரை முழுதும் இருட்டாகத்தான் இருக்கும். சூரியனை 1 சென்டிமீட்டர் உருண்டையாகச் சுருக்கினால், பூமி அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத புள்ளி. நெப்டியூன் 32 மீட்டரில். அடுத்த விண்மீனோ ஏறக்குறைய 290 கிலோமீட்டர் தாண்டி. விண்வெளி என்பதில் வெளிதான் அதிகம். அந்த வெறுமையைக் காட்டத் தொலைக்காட்சிக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. ஆகவே நிகழ்ச்சியைப் பார்க்கும்போது மனதுக்குள் ஒரு கேள்வி ஓடட்டும்: இது எடுத்த படமா, வரைந்த படமா? நல்ல நிகழ்ச்சிகள் இதை ஒளிக்காமல் சொல்லிவிடும்.

சில நேரம் படமே இல்லாமல் தொலைக்காட்சி வென்றுவிடும். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான் 3 இறங்கியதை யோசித்துப் பாருங்கள். 5:45க்கு இறக்கம் தொடங்கியது. 6:04க்குத் தரை தொட்டது. இடைப்பட்ட அந்த 19 நிமிடமும் நேயர்கள் முன் இருந்தவை உயரத்தையும் வேகத்தையும் காட்டும் எண்கள், ஒரு வரைகோடு, கணினி வரைந்த கலத்தின் உருவம், கட்டுப்பாட்டு அறையின் முகங்கள். கலம் இறங்கும்போது எடுத்த காணொளி மறுநாள்தான் வெளியானது. ஆனாலும் யூடியூபில் மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். கிடைமட்ட வேகம் நொடிக்கு 1.68 கிலோமீட்டரிலிருந்து கரைந்து கரைந்து பூஜ்யத்தை நோக்கிப் போவதை, இயற்பியல் பாடம் எடுக்காதவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். விழுப்புரத்தைச் சேர்ந்த திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் திரையில் வந்தபோது தமிழ்நாடு முழுதும் கை தட்டியது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நிலவிலிருந்து வானொலி அலை வந்துசேர 1.3 நொடி ஆகும். 'இறங்கிவிட்டது' என்று திரையில் தெரிந்த கணத்தில் லேண்டர் ஏற்கெனவே தரையில் நின்றுகொண்டிருந்தது.

கோள் கண்டுபிடித்த நேயர்கள்

பார்ப்பவர் பார்ப்பவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்று காட்டிய நிகழ்ச்சியும் உண்டு. 2011இல் பிபிசி 'ஸ்டார்கேசிங் லைவ்' என்ற மூன்று இரவு நேரலையைத் தொடங்கியது. இயற்பியலாளர் பிரையன் காக்ஸும் நகைச்சுவைக் கலைஞர் டாரா ஓ பிரியனும் தொகுப்பாளர்கள். 2017 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்திலிருந்து ஏபிசி தொலைக்காட்சியும் இதே பாணியில் மூன்று இரவு நடத்தியது. அதில் நேயர்களுக்கு ஒரு வேலை தந்தார்கள்.

நாசாவின் கெப்ளர் தொலைநோக்கி ஆயிரக்கணக்கான விண்மீன்களின் ஒளியை இடைவிடாமல் அளந்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு விண்மீனைச் சுற்றும் கோள் நமக்கும் அதற்கும் நடுவே கடந்துபோனால், விண்மீனின் ஒளி இம்மி குறையும். வியாழன் அளவுள்ள கோள் சூரியனைப் போன்ற விண்மீனைக் கடந்தால் நூற்றில் ஒரு பங்கு குறையும். பூமி அளவென்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. இந்தக் குழிகள் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் கோள் இருக்கலாம் என்று பொருள். கணினி முதலில் சலித்துக் கொடுக்கும். ஆனால் அதற்கு விண்மீனின் இயல்பான துடிப்பும் கருவியின் நடுக்கமும் கோளாகவே தோன்றிவிடும். வளைகோட்டைப் பார்த்ததும் இது நிஜம், இது போலி என்று பிரிக்க மனிதக் கண்ணே நன்றாகப் பழகிக்கொள்கிறது. நேயர்கள் தங்கள் கணினியில் அந்த வளைகோடுகளைப் பார்த்து ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும்.

அறிவித்த 48 மணி நேரத்துக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட முறை குறித்துத் தள்ளினார்கள். கடைசி இரவில், நான்கு கோள்கள் சுற்றும் ஒரு விண்மீனை நேயர்கள் கண்டுபிடித்திருப்பதாக நேரலையிலேயே அறிவித்தார்கள். கே2-138 என்பது அதன் பெயர். கும்ப ராசியின் திசையில் 600 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. பின்னால் நடந்த ஆய்வில் ஐந்தாவது, ஆறாவது கோள்களும் சேர்ந்தன.

கண்டுபிடிப்பின் அழகு எண்களில் இருக்கிறது. உள்ளிருந்து வெளியாக முதல் ஐந்து கோள்களும் தங்கள் விண்மீனைச் சுற்ற எடுக்கும் காலம் முறையே 2.35, 3.56, 5.40, 8.26, 12.76 நாள். எந்த எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணால் வகுத்துப் பாருங்கள். விடை ஒன்றரையை ஒட்டியே வரும். வெளிக்கோள் இரண்டு முறை சுற்றும்போது உள்கோள் மூன்று முறை சுற்றுகிறது. நம் இசையில் சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதமும் இந்த 3:2 தான். ஐந்து கோள்கள் இப்படிக் கோத்தபடி நிற்பது தற்செயலாக நடக்காது. அவை பிறந்த வாயுத் தட்டில் மெல்ல உள்நோக்கி நகர்ந்து வரும்போது, ஒன்றின் ஈர்ப்பு மற்றதைத் தாளம் பிடிக்கவைத்திருக்க வேண்டும். பிற்பாடு பெரிய மோதல் ஏதும் நடந்திருந்தால் அந்தத் தாளம் குலைந்திருக்கும். ஒரு கோள் குடும்பத்தின் அமைதியான இளமை அந்த எண்களில் பதிந்து கிடக்கிறது. அதைத் தேடிக் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு டிவி முன் உட்கார்ந்தவர்கள்.

பெட்டியே ஒரு கருவி

நிகழ்ச்சி எதுவும் ஓடாதபோதும் தொலைக்காட்சி வானியல் காட்டும். பழைய ஆன்டெனா டிவியில் நிலையம் இல்லாத அலைவரிசைக்குத் திருப்பினால் 'சர்ர்ர்' என்று பொரிகிற வெள்ளைப் புள்ளிகள் வரும். அந்த இரைச்சலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, பெருவெடிப்பின் மிச்ச ஒளி. பிரபஞ்சம் பிறந்து 3,80,000 ஆண்டு ஆனபோது கிளம்பிய ஒளி, விரிவடையும் வெளியோடு இழுபட்டு இன்று நுண்ணலையாகிவிட்டது. ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 1965இல் அதை உலகுக்குச் சொன்னார்கள். 1978இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இன்றைய டிடிஎச் டிஷ்ஷும் சும்மா இல்லை. வானில் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கும் செயற்கைக்கோளை நோக்கி அது நிலைகுத்தி நிற்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, தமிழ்நாட்டில் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியை ஒட்டியும், சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியன் ஒளியை மட்டும் உமிழ்வதில்லை. வானொலி அலைகளையும் கொட்டுகிறது. செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அதில் மூழ்கிவிட, சில நாளைக்குத் தினமும் ஒரே சமயத்தில் சில நிமிடம் படம் உடைந்து உடைந்து போகும். சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவதற்கு முன், வெளியே போய் டிஷ்ஷின் நிழலைப் பாருங்கள். டிஷ்ஷின் முன்னால் கை நீட்டி நிற்கும் கருவியின் நிழல் டிஷ்ஷின் கீழ் விளிம்பை ஒட்டி விழுந்தால் காரணம் சூரியன்தான். சம இரவு பகல் நாளை ஒட்டியிருக்கிறோம் என்று பஞ்சாங்கம் இல்லாமலே அந்த நிழல் சொல்லும்.

நம் ஊர் வானம் வேறு

வெளிநாட்டு நிகழ்ச்சிகளைப் பார்த்து வானத்தில் தேடுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். திரையில் வரும் வானம் அவர்கள் ஊர் வானம். லண்டனில் துருவ விண்மீன் அடிவானிலிருந்து 51 பாகை உயரத்தில் நிற்கும். சென்னையில் 13 பாகை. கன்னியாகுமரியில் 8 பாகைதான், கட்டடமும் மரமும் மறைத்துவிடும். லண்டன்காரர் தெற்கே தாழ்வாகப் பார்க்கும் ஓரியன் நமக்குத் தை, மாசி இரவுகளில் ஏறக்குறைய உச்சிக்கே வந்துவிடும். ஆஸ்திரேலிய நிகழ்ச்சியில் அதே ஓரியன் தலைகீழாகத் தெரியும். பிறை நிலவு அங்கே நிமிர்ந்து நிற்கும். நமக்கு ஓடம்போல் மல்லாந்து கிடக்கும். நிலவும் கோள்களும் உலவும் பாதை நம் அடிவானத்தை ஏறக்குறையச் செங்குத்தாக வெட்டுவதே காரணம்.

இழப்பு நமக்கில்லை. இரவு வானின் இரண்டாவது பிரகாசமான விண்மீனான அகத்தியரை, அதாவது கனோபஸை, இங்கிலாந்து நேயர் தம் ஊரிலிருந்து ஒருநாளும் பார்க்க முடியாது. தென்சிலுவையும் அப்படியே. சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கு அடிவானம் மறைக்காத எந்த இடத்திலும் நமக்கு அது தெரியும். பெயர்களும் நம்மிடம் இருக்கின்றன. நிகழ்ச்சியில் பீட்டல்ஜூஸ் என்று சொல்லும் செம்பெருமீன் நமக்குத் திருவாதிரை. ஆல்டெபரான் ரோகிணி. பிளையடீஸ் கார்த்திகை. நாட்காட்டியில் தினமும் கண்ணில் படும் பெயர்களுக்கு உரிய விண்மீன்கள் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. ஸ்டெல்லேரியம் போன்ற இலவசச் செயலியில் ஊரையும் நேரத்தையும் கொடுத்தால், திரையில் கேட்ட பெயரை நம் வானத்துக்கு மாற்றித் தரும்.

நிகழ்ச்சி முடிந்ததும் நேராக மாடிக்கு ஓடினாலும் பயனில்லை. குச்சிச் செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. டிவியின் வெளிச்சம் அதை வெளுக்கச் செய்துவிடும். மறுபடி ஊறி நிறைய இருபது முப்பது நிமிடம் ஆகும். முதல் ஐந்து நிமிடத்தில் பத்து விண்மீன் தெரிந்த இடத்தில், அரை மணி கழித்து அதைவிடப் பல மடங்கு தெரியும். நடுவில் ஒருமுறை செல்போனைப் பார்த்துவிட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. வெளிச்சம் தேவைப்பட்டால் டார்ச்சின் மேல் சிவப்பு கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளலாம். குச்சிச் செல்கள் சிவப்பு ஒளிக்கு அதிகம் அசையா. பெரிய தொலைநோக்கியும் வேண்டாம். சாதாரண பைனாகுலரைச் சுவரில் சாய்த்து ஆடாமல் பிடித்தால் வியாழனின் நான்கு நிலவுகள் தெரியும். நாளுக்கு நாள் அவை இடம் மாறும். கலிலியோ 1610இல் பார்த்ததும் அதைத்தான்.

அடுத்து வரப்போகும் பெரிய வாய்ப்பு ஒன்றுக்குத் தேதியே குறித்தாகிவிட்டது. 2029 ஏப்ரல் 13, இந்திய நேரப்படி 14ஆம் தேதி அதிகாலை, தமிழ்ப் புத்தாண்டு நாளின் விடியலுக்கு முன், அபோஃபிஸ் என்ற குறுங்கோள் பூமியைக் கடக்கப்போகிறது. 300 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள பாறை அது. பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரம் வரை நெருங்கும். அதாவது, நமக்கு டிவி நிகழ்ச்சிகளை அனுப்பும் செயற்கைக்கோள்களைவிடத் தாழ்வாக. மோதாது என்பது உறுதி. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் வெறுங்கண்ணுக்கே நகரும் புள்ளியாகத் தெரியும். அன்று எல்லாச் சேனல்களிலும் தீப்பிழம்பு வரைகலையும் உச்சக்குரலும் நிச்சயம் இருக்கும். எந்தச் சேனல் நல்ல சேனல் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்லலாம். எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, எந்த விண்மீனுக்குப் பக்கத்தில் அந்தப் புள்ளியைத் தேட வேண்டும், உங்கள் ஊரிலிருந்து அது தெரியுமா தெரியாதா என்று எந்தச் சேனல் சொல்கிறதோ, அதைப் பாருங்கள். சொல்லி முடித்ததும் டிவியை அணைத்துவிட்டு மாடியேறுங்கள்.